வெளிநாட்டவருக்கு அறை கொடுக்கும்போது

திருவனந்தபுரத்தின் குமாரபுரத்திலும் மெடிக்கல் காலேஜ் பக்கத்திலும் மாடி அறை வைத்திருப்பவர்களுக்கு மாலத்தீவுக் குடும்பங்கள் புதிதல்ல. சிகிச்சைக்கு வருகிறார்கள், வாரக்கணக்கில் தங்குகிறார்கள். காரியவட்டம் வளாகத்தில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் கழக்கூட்டத்தில் அறை தேடுகிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். சேர்த்துக்கொண்டு பதியாமல் விடுவதுதான் குற்றம்.

முகத்தையும் பேச்சையும் வைத்து ஆளை எடை போடாதீர்கள். வங்காளம் பேசுபவர் மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத்காரராக இருக்கலாம். இந்தியர் நாட்டில் எங்கும் குடியிருக்க அரசியல் சட்டமே உரிமை தந்திருக்கிறது. வருகிற எல்லோரிடமும் ஒரே மாதிரி அடையாள ஆவணம் கேளுங்கள். ஆதார் குடியுரிமைச் சான்று அல்ல; 182 நாள் இங்கே தங்கிய வெளிநாட்டவரும் அதை வாங்க முடியும்.

வெளிநாட்டவர் என்றால், அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே அசல் பாஸ்போர்ட்டைக் கேட்டுப் பாருங்கள். படமுள்ள பக்கம், விசா, விமான நிலையத்தில் குத்திய வருகை முத்திரை ஆகிய மூன்றும் முக்கியம். பலரும் தவறுவது முத்திரையில்தான். விசா ஐந்தாண்டுக்குச் செல்லும் என்று போட்டிருக்கும். ஒருமுறை வந்தால் எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு கணக்கு. முத்திரைத் தேதியிலிருந்து விரல்விட்டு எண்ணி, கடைசி நாளை உங்கள் காலண்டரில் குறித்துவையுங்கள். மாலத்தீவினர் 90 நாள் வரை விசா இல்லாமலே வரலாம். விசாப் பக்கம் இல்லையே என்று அவர்களைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

நகல் எடுத்துக்கொண்டு, அதன் குறுக்கே ‘வாடகைக்கு மட்டும்’ என்று தேதியுடன் எழுதுங்கள். பாஸ்போர்ட்டை அப்போதே கையில் கொடுத்துவிடுங்கள். பிடித்துவைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

அடுத்து, சி படிவம். எஃப்.ஆர்.ஆர்.ஓ. எனப்படும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் உங்கள் வீட்டை ஒருமுறை பதிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு, ஆள் வந்த 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரங்களை ஏற்ற வேண்டும். இது ஓட்டலுக்கு மட்டுமல்ல, ஒற்றை அறை விடும் வீட்டுக்காரருக்கும்தான். 1946ஆம் ஆண்டின் சட்டத்திலேயே இருந்த இந்தக் கடமை, 2025 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டத்திலும் தொடர்கிறது. ஒப்புகைச் சீட்டை அச்செடுத்து ஒப்பந்தத்துடன் வையுங்கள். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வரும் மாணவர், வந்த 14 நாளுக்குள் தாமே பதிய வேண்டும். அதற்கு உங்கள் ஒப்பந்த நகல் தேவைப்படும், தயங்காமல் கொடுங்கள்.

நாள் கடந்துவிட்டது தெரிந்தால் மிரட்டாதீர்கள், கதை கட்டாதீர்கள். 1994 அக்டோபரில் இதே ஊரில், விசாக் காலம் கடந்து தங்கியதாக ஒரு மாலத்தீவுப் பெண் கைதானார். அதிலிருந்து கிளம்பியதுதான் இஸ்ரோ உளவு வழக்கு. நாகர்கோவில்காரரான விஞ்ஞானி நம்பி நாராயணன் அதில் சிறைக்குப் போனார். 1996இல் குற்றச்சாட்டு பொய் என்று சி.பி.ஐ. சொல்லிவிட்டது, ஆனால் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட 2018 ஆயிற்று. அந்த மனிதர் பட்டதை நினைக்கும்போது இன்றும் மனம் கொதிக்கிறது.

ஆகவே காலண்டரில் குறித்த நாளுக்கு இரண்டு வாரம் முன்பே குடியிருப்பவரிடம் நினைவுபடுத்துங்கள். சிகிச்சை முடியவில்லை என்றால் மருத்துவமனைக் கடிதத்துடன் எஃப்.ஆர்.ஆர்.ஓ.வின் இணையதளத்திலேயே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு அந்த விண்ணப்பத்தை நிரப்ப ஆள் இருக்காது. கூட உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள்.