"வழக்கமான பறவைகள்" என்று எழுதாதே, தம்பி



குதிரைமொழித் தேரியின் செம்மணலிலும் அதைச் சுற்றிய உடைமரக் காடுகளிலும் நீயும் உன் கூட்டாளிகளும் அலைந்து எழுதிய உயிரினக் கணக்கெடுப்பு அறிக்கையை நேற்று ராத்திரியே படித்து முடித்துவிட்டேன். கணக்கெடுப்பு எப்படிச் செய்வதென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குக் கோபம் வந்த இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

கல்குருவிக்கு இரண்டு பக்கம், நட்சத்திர ஆமைக்கு மூன்று பக்கம், படங்கள் தனி. அதெல்லாம் முடிந்த பிறகு, "இவை தவிர வழக்கமான பறவைகளும் ஓணான்களும் காணப்பட்டன" என்று ஒரே வரி. எத்தனை? எந்த மாதம்? எவ்வளவு தூரம் நடந்து பார்த்தது? ஒன்றுமே இல்லை. ஒரு வருஷ வெயிலைத் தலையில் வாங்கிக்கொண்டு நீங்கள் பார்த்ததில் முக்கால் பங்கு அந்த ஒரு வரிக்குள் புதைந்துவிட்டது.

வெண்முதுகுப் பாறு ஒரு காலத்தில் வட இந்தியாவில் காக்கையைப் போலக் கண்ணில் பட்ட பறவை. அதைப் போய் யாராவது எண்ணுவார்களா என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் எண்ணினார். பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் 1987–88இல் 353 இணைகள் கூடு கட்டியிருந்ததாகக் கணக்கு வைத்தார். 1990களின் தொடக்கத்தில் சாலைகளில் வண்டியில் போய்க்கொண்டே கழுகு இனங்களை எண்ணிய இன்னொரு கணக்கெடுப்பும் நடந்தது. அந்தப் பழைய தாள்கள் இருந்ததால்தான், பிறகு அதே சாலைகளில் போய் எண்ணியபோது, 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 விழுக்காடு அழிந்துபோனது தெரிய வந்தது. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசிதான் காரணம் என்று 2004இல் கண்டுபிடித்ததும், 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்ததும் அந்தப் பழைய கணக்குகள் சரிவை முன்பே காட்டிக்கொடுத்ததால் நடந்தவை. விபு பிரகாஷும் உன்னைப் போல "வழக்கமான கழுகுகள்" என்று எழுதி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பார்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நீ ஒரே சொல்லில் தள்ளிவிட்ட அந்த ஓணானையே எடுத்துக்கொள். விசிறித்தொண்டை ஓணானைப் புதுச்சேரியிலிருந்து வந்த மாதிரியை வைத்து 1829இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் குவியே விவரித்தார். அதற்குப் பிறகு வெகுகாலம் இந்தியாவின் பெரும்பகுதியில் கண்ட இந்த வகை ஓணான்களையெல்லாம் அவர் வைத்த ஒரே பெயரில்தான் பதிந்துவந்தார்கள். 2016இல் ஆராய்ச்சியாளர் தீபக்கும் மற்றவர்களும் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்ததில், நம் தமிழ்நாட்டு மண்ணிலேயே சிதானா விசிறி, சிதானா மருதம்நெய்தல் என்று புதிய இனங்கள் வெளிவந்தன. ஆடு மேய்க்கிற பையன்கள் கல்லெறிந்து விளையாடிய ஓணான்! உன் தேரியில் ஓடுவது இவற்றில் எது? எந்த மணலில் எத்தனை? அறிக்கையில் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை.

உன் வயதில் எனக்குத் திருச்செந்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் போதும், கம்பிகளில் உட்கார்ந்திருக்கும் பனங்காடைகளை எண்ணிக்கொண்டே போவேன். ஊரும் நேரமும் எழுதிவிட்டு, பக்கத்தில் எண்ணிக்கை. கண்டக்டர் ஒருவர் பழகிப்போய், "சார், அந்தப் பக்கம் ரெண்டு" என்று கை காட்டுவார். இந்தப் பழக்கத்தை எனக்குக் கற்றுத் தந்தவர் ஒரு வனக் காவலர். பத்தாவதுகூடப் படிக்காதவர். ஒன்றும் தென்படாத நாளிலும் அவர் நோட்டில் எழுதுவார்: கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், போன வழி, "ஒன்றும் இல்லை". உன் அறிக்கையில் அப்படி ஒரு நாள்கூட இல்லையே! வெறுங்கையோடு திரும்பிய நாள்களை ஏன் விட்டுவிட்டாய்? நாளைக்கு ஒருவன் படிக்கும்போது, அன்றைக்குப் பறவை வரவில்லையா, நீ போகவில்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வான்?

இன்னொன்று. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. நட்சத்திர ஆமைகளைப் பார்த்த இடங்களைப் புள்ளி புள்ளியாக வரைபடத்தில் குறித்து, அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் அச்சிட்டிருக்கிறாயே, அதை யார் யாரெல்லாம் படிப்பார்கள்? வளர்ப்புப் பிராணிச் சந்தைக்காகச் சாக்கு மூட்டையில் கடத்தப்படுகிற உயிர் அது. 2019இல், உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்கு அதை உயர்த்தியதே இந்தக் கடத்தலால்தான். வனத்துறைக்குக் கொடுக்கிற பிரதியில் முழு விவரமும் இருக்கட்டும். வெளியே போகிற பிரதியில் தாலுகா பெயருக்கு மேல் ஒரு எழுத்தும் வேண்டாம்.

இவ்வளவு திட்டினாலும், ஆடிக் காற்றைப் பற்றி நீ எழுதிய ஒன்றரைப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். செம்மணல் இடம் பெயர்ந்து பனங்கன்றுகளை மூடுவது, காற்று அடங்குகிற நேரம் பார்த்து ஓணான்கள் வெளியே வருவது, கல்குருவி உட்காரும் இடத்தைத் தடியால் சுட்டிக்காட்டிய அந்த ஆட்டுக்காரர்... தேரியைப் பற்றி இப்படி எழுத எங்கள் காலத்தில் ஆள் இல்லை, தம்பி. அந்தப் பக்கத்துக்காகவே இதைப் பத்திரமாக வைத்திருப்பேன். ஆனால் அந்த மனிதர் பெயரை நன்றியுரையில் கடைசியில் போட்டிருக்கிறாய். அவர் சம்மதித்தால் முன்னட்டையில் உங்கள் பெயர்களோடு சேர்த்துப் போடு. கல்குருவியைக் கண்டுபிடித்தவர் அவர்தானே?

களக் குறிப்பு நோட்டுகளை எறிந்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். அவற்றிலிருந்து நாள், நேரம், தூரம், இனம், எண்ணிக்கை என்று ஒரு அட்டவணை போட்டுப் பின்னிணைப்பாகச் சேர். மைனா, கரிச்சான், கள்ளப்பருந்து எதையும் விடாதே, சும்மா திரும்பிய நாள்களையும் சேர்த்துக்கொள். பொங்கலையொட்டித் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வரும், அப்புறம் உனக்கும் எனக்கும் நேரம் இருக்காது. அதனால் மார்கழிக்குள் அனுப்பிவிடு. ஆமை வரைபடத்தை இன்றைக்கே எடுத்துவிடு.

அன்புடன்,
அண்ணாச்சி