இன்ஜின் சொல்லாத குறைகள்

அன்புள்ள மருமகளுக்கு,

தாத்தாவின் ஸ்ப்ளெண்டரை இனி நீதான் ஓட்டப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். 2011-ல் பதிவான வண்டி என்பதால் அதன் ஆர்.சி.க்கு இந்த வருடத்தோடு 15 ஆண்டு முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். "ஒரே உதையில ஸ்டார்ட் ஆகுது மாமா, அப்புறம் எஃப்.சி.ல என்னத்தப் பார்ப்பாங்க?" என்று கேட்டிருந்தாய். ஃபோனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

ஒரே உதையில் ஸ்டார்ட் ஆவதை வைத்து வண்டி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதே. இந்த மாதிரி சின்ன பைக்கில் கடைசியாகக் கெடுவது இன்ஜின்தான். அது கெடாமல் ஓடிக்கொண்டே இருப்பதால்தான் மற்றதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆய்வில் "சரி செய்துகொண்டு வா" என்று திருப்பி அனுப்பப்படும் வண்டியைத் தள்ளிக்கொண்டா வந்தார்கள்? ஓட்டிக்கொண்டுதான் வந்தார்கள்.

அந்த இன்ஜின் ஏன் அவ்வளவு உழைக்கிறது என்று தெரிந்துகொள். 97.2 சி.சி., ஒரே சிலிண்டர், காற்றிலேயே குளிரும். ஹோண்டாவின் சூப்பர் கப் குடும்பத்து வார்ப்பு அது. 1985-ல் வந்த சி.டி.100, 1994-ல் வந்த ஸ்ப்ளெண்டர் எல்லாம் அதே வழி. எட்டுக் குதிரைத்திறனுக்கும் குறைவாகவே அதனிடம் வேலை வாங்குகிறார்கள், அதனால் உறுப்புகள் மேல் பெரிய பாரம் விழுவதில்லை. ஆனால் ஒரு லிட்டர்கூட முழுதாகப் பிடிக்காத ஆயில்தான் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றையும் காக்கிறது. காரில் இருப்பதுபோல மாற்றிப் போடும் காகித ஃபில்டர் இதில் கிடையாது. ஒரு கம்பிவலையும், சுழற்சியில் கசடை ஒதுக்கும் ஒரு ரோட்டரும் மட்டும். ஆகவே ஆயிலைக் காலம் தவறாமல் மாற்றுவதுதான் இதற்குச் செய்யும் வைத்தியம். வாங்கும்போது டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' என்று போட்டிருக்கிறதா என்று பார். மிச்சம் இருக்கிறதே என்று கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும்.

இன்ஜினைப் பற்றி இவ்வளவு போதும். இனி மற்றதைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் சொந்த உபயோக இருசக்கர வாகனத்துக்கு முதல் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். அதாவது பதிவான நாளிலிருந்து 15 வருடம் வரை, பிரேக் பிடிக்கிறதா, லைட் எரிகிறதா என்று அரசு தரப்பில் ஒருவரும் முறையாகச் சோதிப்பதில்லை. பிரிட்டனில் மூன்று வயது தாண்டிய பைக்கை ஆண்டுதோறும் எம்.ஓ.டி. சோதனைக்குக் கொண்டுபோயாக வேண்டும். அப்படி வருடா வருடம் பார்க்கும் ஊரிலேயே பைக்குகள் தோற்பதில் விளக்குக் கோளாறுகள்தான் முன்னால் நிற்கின்றன. பதினைந்து வருடம் பார்க்காமல் விட்ட வண்டியில் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

விளக்கிலிருந்தே தொடங்கு. தாத்தா வண்டி கிக்கர் மட்டும் உள்ள பழைய மாடல். பிளக்குக்கான மின்சாரம் மேக்னட் காயிலிலிருந்து நேராக வருகிறது. ஹெட்லைட்டும் இன்ஜின் ஓடும்போது அதிலிருந்துதான் எரிகிறது. ஹாரன், இன்டிகேட்டர், பிரேக் லைட் மூன்றும் பேட்டரியை நம்பியவை. பேட்டரி செத்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகி ஓடும் என்பதால், செத்த பேட்டரியோடு வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆய்வாளர் முன்னால் ஹாரனை அழுத்தினால் முனகும், இன்டிகேட்டர் சிமிட்டாமல் மங்கலாக நிற்கும். நீ இன்ஜினை ஓட விடாமல் சாவியை மட்டும் போட்டு ஹாரனை அழுத்திப் பார். சத்தம் கணீரென்று வரவில்லை என்றால் பேட்டரிக்குக் காலம் முடிந்தது என்று வைத்துக்கொள்.

பின்விளக்கில் ஒரே பல்புக்குள் இரண்டு இழை உண்டு. ஒன்று எப்போதும் எரிவதற்கு, மற்றது பிரேக் பிடித்தால் எரிவதற்கு. பிரேக் இழை அறுந்துபோனாலும் மற்ற இழை எரிந்துகொண்டிருக்கும், எனவே பார்க்கிறவருக்கு விளக்கு நன்றாக இருப்பதாகத் தோன்றும். இருட்டியபின் வண்டியின் பின்பக்கம் சுவரைப் பார்க்க நிறுத்திவிட்டுக் கைப்பிரேக்கையும் கால்பிரேக்கையும் தனித்தனியாகப் பிடி. இரண்டு முறையும் சுவரில் வெளிச்சம் கூட வேண்டும். கால்பிரேக்குக்குக் கூடவில்லை என்றால், மிதியருகே மெல்லிய ஸ்பிரிங்கோடு ஒரு சுவிட்ச் இருக்கும், பெரும்பாலும் ஸ்பிரிங் துருவேறி விட்டிருக்கும். சில ரூபாய் வேலை. ஆனால் பைபாஸில் உன் பின்னால் வருகிற லாரிக்காரருக்கு நீ வேகம் குறைப்பதைச் சொல்ல அதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்து பிரேக். ஊரில் பெரியவர்கள் மோட்டார் வாகன ஆய்வாளரை இன்னும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்கிறார்கள், பொருத்தமான பெயர்தான். பின்சக்கரத்து டிரம்முக்கு வெளியே, பிரேக் கம்பி வந்து சேருமிடத்தில் ஒரு சிறிய இரும்புக் கை இருக்கும். அதன் அடியில் ஓர் அம்புக்குறி. டிரம் தட்டின் மேல் ஒரு குறி வார்த்திருக்கும். யாரையாவது பிரேக்கை முழுதாக மிதிக்கச் சொல்லிவிட்டு நீ குனிந்து பார். அம்பு அந்தக் குறியைத் தொட்டால் உள்ளே ஷூ தேய்ந்து முடிந்தது என்று அர்த்தம், மாற்றித்தான் ஆக வேண்டும். ஷூ தேயத் தேயக் கம்பியின் முனையிலுள்ள நட்டைத் திருகிக்கொண்டே வருவார்கள். நட்டுக்கும் மேலே போக இடமில்லாதபோது சிலர் அந்தக் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். மிதி மறுபடி இறுக்கமாகிவிடும், பிரேக் பிடிப்பதாகவே தோன்றும். ஷூ அதே தேய்ந்த ஷூதான், அம்புக்குறி மட்டும் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலை. அதனால் அம்பை மட்டும் நம்பாமல், மெக்கானிக்கிடம் சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்து காட்டச் சொல். "எதுக்குமா, நல்லாத்தானே இருக்கு" என்பார். காசு கொடுப்பது நீ, திறந்து பார்.

முன்பிரேக்கைத் தாத்தா தொட்டதே இருக்காது. அவர் காலத்து ஆட்கள் முன்பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்று பயந்தவர்கள். நிதானமாகப் பிடித்தால் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு அதனுடையதுதான். பிடிக்காமலே விட்ட பிரேக்கின் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்துக் கட்டிக்கொள்ளும். லீவரை விட்டவுடன் அது சட்டென்று திரும்பவில்லை என்றால் கேபிளை மாற்றிவிடு, எண்ணெய் விட்டு ஒப்பேற்ற வேண்டாம்.

டயரில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. சட்டப்படி இருசக்கர வாகனத்துக்குப் பள்ளம் 0.8 மி.மீ.க்குக் குறையக்கூடாது. தாத்தா ஓட்டியதெல்லாம் உப்பளத்துக்கும் கடைத்தெருவுக்கும்தான், எனவே பள்ளம் நிறைய இருக்கும். ஆனால் ரப்பருக்கும் வயது உண்டு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2316 என்றால் 2016-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பக்கவாட்டில் நகத்தால் அழுத்தினால் முடிக்கோடுகளாக வெடிப்பு தெரிகிறதா என்று பார். தெரிந்தால் எவ்வளவு பள்ளம் இருந்தாலும் மாற்று.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒருவரைப் பின்னால் அழுத்தச் சொல்லி முன்சக்கரத்தைத் தூக்கிக்கொள். ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெல்லத் திருப்பு. நடுவில் ஓரிடத்தில் குழியில் விழுந்ததுபோல் நின்று போனால் கோன்செட் போய்விட்டது. நேர்ச்சாலையில் வண்டி தானே தள்ளாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஃபோர்க் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் சீல். செயின், மூடிக்குள் இருப்பதால் கண்ணில் படாது. ரப்பர் மூடியைத் திறந்து விரலால் தூக்கிப் பார்த்தால் இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்குள் ஆட வேண்டும்.

தூத்துக்குடிக்காரிக்கு மட்டும் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. ஹேண்டிலுக்குக் கீழே, தலைக்குழாயின் பக்கவாட்டில் சேஸிஸ் நம்பர் அடித்திருக்கும், எழுத்தும் எண்ணுமாகப் பதினேழு. ஆர்.சி.யோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், பென்சில் பிரிண்டும் கேட்பார்கள். உப்புக்காற்றில் வாசலில் நின்ற வண்டியில் அந்த இடம் துருவேறி எழுத்தை மூடியிருக்கும். உப்புத்தாளோ அரமோ வைத்துத் தேய்க்க விடாதே. எழுத்து மழுங்கினால் நம்பரை யாரோ திருத்தியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் வரும், அதைத் தீர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை வைத்து ஊறவிட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்து எடு. காய்ந்தபின் மெல்லிய தாளை ஒட்டி வைத்துப் பென்சிலைப் படுக்கப் பிடித்துத் தேய்த்தால் எழுத்து தாளில் எழும். பதினேழையும் ஆர்.சி.யோடு வைத்துப் படித்துவிட்டு, அந்த இடத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவி வை.

புகைச் சோதனையில் இந்த வயது வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4,500 பி.பி.எம். வரை அனுமதி. அடைத்துப்போன ஏர் ஃபில்டர்தான் முதல் எண்ணை ஏற்றிவிடும் வழக்கமான குற்றவாளி, அதைச் சுத்தம் செய்து, கால் மணி நேரம் ஓட்டி இன்ஜின் நன்றாகச் சூடானபின் போ. முறுக்கும்போது நீலப்புகை வந்தால் ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறது. அதற்குப் போர் வேலைதான், வேறு கஷாயம் இல்லை.

நம்பர் பிளேட்டில் தாத்தா பேரன் பேரெல்லாம் எழுதி வைத்திருக்கிறார், அதை எடுத்துவிடு. வெள்ளையில் கறுப்பு, பின்னால் எண்கள் 40 மி.மீ. உயரம், முன்னால் 30 மி.மீ., வேறு எதுவும் வேண்டாம். பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால்மிதி, சேலை கார்டு மூன்றும் சட்டப்படி இருக்க வேண்டியவை. கண்ணாடி இரண்டும் இருக்க வேண்டும். ஆய்வு அன்றைக்கு மட்டும் பக்கத்து வண்டியின் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சாலையைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் தேவைப்படுகிற பொருள் அது. சொந்தமாக வாங்கி மாட்டு.

பதிவு முடியும் நாளுக்கு முந்திய அறுபது நாளுக்குள் படிவம் 25-ல் விண்ணப்பிக்கலாம். பரிவாகன் தளத்தில் செய்யலாம், புரோக்கர் தேவையில்லை. இன்சூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி எல்லாம் நடப்பில் இருக்க வேண்டும். தவறவிட்டால் கூடுதல் கட்டணம் மாதத்துக்கு மாதம் ஏறும். வண்டி தாத்தா பெயரில் இருப்பதால் முதலில் அவர் பெயரிலேயே புதுப்பித்துவிடுவோம், பெயர் மாற்றத்தைப் பிறகு பார்க்கலாம்.

இன்னொன்று, உன் லைசென்ஸை எடுத்துப் பார். நீ ஸ்கூட்டர் ஓட்டிக்காட்டி வாங்கியது என்பதால் 'கியர் இல்லாத இருசக்கர வாகனம்' என்று மட்டும் இருக்கக்கூடும். அப்படியானால் ஸ்ப்ளெண்டரை நீ ரோட்டில் எடுக்கக்கூடாது, ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரர்கள் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். கியர் வண்டிக்கான எல்.எல்.ஆருக்கு இந்த வாரமே விண்ணப்பித்துவிடு. ஆய்வுக்கு வண்டியை நான் ஓட்டி வருகிறேன், தேதி கிடைத்ததும் எனக்குச் சொல்.

அன்புடன்,
உன் மாமா