ஏழாவது நாற்காலி

ரிங்லெட்,
ஞாயிறு இரவு.

சிரஞ்சீவி தம்பிக்குப் பெரியப்பா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. பெரியம்மாவின் முழங்கால் வலி நீங்கலாக இவ்விடம் யாவரும் க்ஷேமம். சென்ற சனிக்கிழமை நீ ஈப்போவில் யாரோ நாலு பேர் பாஸ் கிட்டார் வாசிப்பதைக் கேட்கப் போய்விட்டு, சிம்பாங் பூலாய்ப் பாதை வழியாகப் பனிமூட்டத்தில் மோட்டார் சைக்கிளைத் தள்ளாத குறையாக ஓட்டிக்கொண்டு, நடுநிசிக்குமேல் வீடு சேர்ந்ததாக உன் அம்மா சொன்னாள். அதைப்பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. உன் அப்பனை அந்த மாதிரி ஒரு வளைவிலிருந்து தூக்கிவந்த கைகள் என்னுடையவை என்பது உனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

நீ கேட்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். கேமரன் மலையில் ஆங்காங்கே தனித்தனியாகப் பாஸ் வாசித்துக்கொண்டிருப்பவர்கள் மாதம் ஒருமுறை கூடுவதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும் என்கிறாய். தானா ராத்தாவில் கடைவீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்து, பெயர்ப்பலகை மாட்டி, நிர்வாகக் குழு போட்டுத் தொடங்குவதா, அல்லது யார் வீட்டிலாவது இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து பார்ப்பதா என்று என் அபிப்பிராயத்தைக் கேட்கிறாய். முடிவு உன்னுடையது. இரண்டிலும் நன்மை உண்டு. மாடியின் நன்மை என்ன என்பது இதை எழுதும் க்ஷணம் வரை எனக்குப் புலப்படவில்லையாயினும், உண்டு என்றே வைத்துக்கொள்வோம்.

பாஸ் வாசிப்பவர்கள் ஏன் ஒருவரையொருவர் தேடுகிறார்கள் என்று நீ யோசித்ததுண்டா? பாட்டுக் கோஷ்டி எதுவானாலும், மற்ற கிட்டார்கள் இரண்டு மூன்று இருந்தாலும், பாஸ் என்பது ஒன்றே ஒன்று. ஆகையால் அதை வாசிப்பவன் தன் ஜாதி வாத்தியக்காரன் இன்னொருவனைத் தன் கோஷ்டியில் ஒருநாளும் காண்பதில்லை. நம்முடைய நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்துப் பிடித்துக்கொண்டு நின்றவனும் அப்படித்தான் நின்றான். அவன் நிறுத்தினால் கச்சேரி தரையில்லாத வீடாகிவிடும், ஆயினும் 'ஒத்து ஊதுகிறான்' என்பதை ஏசலாக ஆக்கி வைத்ததுதான் உலகம் அவனுக்குச் செய்த மரியாதை. இளையராஜாவின் பாட்டுக்களில் பாஸ் தனியொரு மெட்டாகக் கீழே நடந்துபோவதை எத்தனை பேர் காது கொடுத்துக் கேட்கிறார்கள்? கேட்பவன் ஒருவன், கேட்கும் இன்னொருவனைச் சந்தித்துவிட்டால் அன்றைக்கே கூட்டம் தொடங்கிவிட்டது. அதற்கு மாடி எதற்கு?

எங்கள் காலத்தில் அப்படித்தான் நடந்தது. 1961-ல் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் கோஷ்டியும் சிங்கப்பூருக்கு வந்துபோன பிறகு, இந்தத் தேசமெங்கும் பையன்கள் கிட்டாரும் கையுமாக அலைந்தார்கள். அந்தக் கிட்டார் கோஷ்டிகளுக்குக் கூகிரான் என்ற பெயரே அப்புறம் வந்ததுதான். பாடகர், லீட், ரிதம், பாஸ், டிரம் என்று ஐந்து பேர் அதற்குக் கணக்கு. தன்னளவில் கிட்டார் வாசிக்கத் தெரியாத, ரேடியோ பழுதுபார்த்துவந்த லியோ ஃபெண்டர் என்ற அமெரிக்கர், ஆள் உயரப் பிடில் போன்ற பழைய பாஸைத் தோளில் மாட்டும்படி சுருக்கி, வீணைக்குப்போல் மெட்டுக்களும் வைத்து 1951-ல் விற்பனைக்கு விட்ட வாத்தியத்தின் நகல் ஒன்று, சில வருஷங்கள் கழித்து நம் தேயிலைத் தோட்டத்துக் கிராணி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. காலைப் பெரட்டு முடிந்து, கொழுந்து நிறுத்து, ஸ்டோர் சங்கு ஊதியபின் அந்த ஒற்றை வாத்தியத்தைச் சுற்றி நாங்கள் நாலு பேர் உட்கார்ந்தோம். ஒருவன் வாசிப்பான், மூவர் அவன் விரலைப் பார்ப்போம். கூட்டம் என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆறு பேர் ஆனபோதும் அப்படியே இருந்தது.

ஏழாவதாக ஒருவர் வந்தார். நல்ல மனுஷர்தான். 1966-ஆம் வருஷத்துச் சங்கச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் அது சங்கம், பதிவு செய்தாக வேண்டும் என்று அவர் சொன்னது சட்டப்படி சரியே. பதிவுக்கு விதிகள் வேண்டும், விதிகளுக்கு அக்கிராசனர் வேண்டும், அக்கிராசனருக்கு நாற்காலி வேண்டும், நாற்காலிக்கு மாலை வேண்டும். தோட்டத்துக் கோவில் திருவிழாவில் அந்த மாலை எந்தக் கழுத்துக்கு என்று மூன்று மாதம் வாதம் நடந்தது. அந்த மூன்று மாதமும் ஒரு ஸ்வரம்கூட வாசிக்கப்படவில்லை. தவணையில் எடுத்த ஆம்ப்ளிஃபயரைக் கடைக்காரன் வந்து தூக்கிக்கொண்டு போனான். கடனுக்கு யார் ஜாமீன் போட்டிருந்தார்கள், யாருடைய பாஸ் விற்கப்பட்டது என்பதெல்லாம் உன் பெரியம்மாவுக்கு இன்றைக்கும் தேதிவாரியாக மனப்பாடம். நான் மறந்துவிட்டேன். கறுப்பு நிறம், ஓரத்தில் வெள்ளை வரி.

ஆகவே, முடிவு உன்னுடையதே எனினும், இதையும் கேட்டுவை. பாஸ்காரர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் வாசிக்க முடியாது. தாழ்ந்த ஸ்வரங்கள் இரண்டு நெருங்கி விழுந்தால் இரண்டும் கலங்கிவிடும். ஆகையால் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பதே அங்கே முறை, அதற்கு நாலைந்து பேரே சுகம். தடித்த தந்தி நொடிக்குச் சுமார் 41 தடவை அதிர்வது. பலகைச் சுவருக்கு அந்த நாதம் அடங்காது, அடுத்த வீட்டுக்காரனுக்கு ராகம் கேட்காமல் கட்டில் மட்டும் நடுங்கும். முன்கூட்டி அவனிடம் சொல்லி, ஒலியைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த மலை ஈரத்தில் வாத்தியத்தின் கழுத்து வளைகிறது, தந்தி துருப்பிடிக்கிறது. முதல் கூட்டத்தில் பேச்சுக்கு அது ஒன்றே போதும். அவரவர் கழுத்தை அவரவர் காட்டி அங்கலாய்க்கட்டும், சிநேகம் தானே வளரும்.

நிறைய எழுதிவிட்டேன். வாத்தியார் வேலை பார்த்தவன் புத்தி. உன் விரல்களில் நான் கேட்டது எனக்கோ என் கூட்டாளிகளுக்கோ ஒருநாளும் வாய்த்ததில்லை என்று உன்னிடம் இதுவரை சொல்லாதது என் பிசகு. மாடிதான் வேண்டும் என்றால் மாடியே பிடி. முதல் இரண்டு மாத வாடகையை நான் தருகிறேன், பெரியம்மாவுக்குத் தெரியவேண்டாம். பெயர்ப்பலகை எழுதும் செலவும் என்னுடையது. இல்லையென்றால் வருகிற சனிக்கிழமை பாஸ் வாசிக்கும் அந்தப் பிரிஞ்சாங் பையனையும் அழைத்துக்கொண்டு இங்கே வா; முன்னறையைக் கூட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன், ஐந்து நாற்காலி இருக்கிறது, முறுக்குக்கு மாவும் அரைத்தாகிவிட்டது. ராத்திரி இங்கேயே படுத்துக்கொள்ளலாம். வருவதை வெளிச்சத்திலேயே வா.

இப்படிக்கு,
உன் பெரியப்பா.