ஆண்டுக் கயிறு

"உங்களுக்கு என்ன வயது?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வகுப்பில் இப்படிக் கேட்டேன். மூணாறு பக்கம் ஓர் எஸ்டேட் லயத்தில் அந்த வகுப்பு நடக்கிறது. சிலர் விரல் விட்டு எண்ணினார்கள். சிலர் சிரித்தார்கள். மேல் லயத்துப் பாட்டி மட்டும் சிரிக்கவில்லை.

"கார்டுல ஒரு வயசு இருக்கு பாப்பா. எங்கம்மா சொன்ன வயசு வேற. எதைச் சொல்லட்டும்?" என்று கேட்டார்.

அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தேன். பிறந்த தேதி 1-1-1971 என்று இருந்தது. அட்டை எடுத்த அன்று பிறந்த வருடம் கேட்டார்களாம். "தெரியாது" என்று இவர் சொல்லியிருக்கிறார். அங்கிருந்தவர் முகத்தைப் பார்த்து ஒரு வருடம் போட்டுவிட்டார். இன்று அதனால்தான் தொல்லை. முதியோர் பென்ஷனுக்கு 60 வயது ஆக வேண்டும். அட்டைப்படி பாட்டிக்கு இன்னும் ஆகவில்லை.

"உங்கள் அம்மா என்ன சொன்னார்கள்?" என்று கேட்டேன்.

"நேரு செத்த செய்தி வந்தப்ப நான் எங்கம்மா வயித்துல அஞ்சு மாசமாம். அது எந்த வருசம்னு தெரியலையே!"

இதற்கு விடை தேடத்தான் ஆண்டுக் கயிறு கட்டினோம். நீங்களும் கட்டலாம். செலவு ஒன்றும் இல்லை.

துணி காயப்போடும் கயிறு ஒன்று எடுங்கள். ஒரு சாணுக்கு ஒரு முடிச்சு போடுங்கள். ஒரு சாண் என்றால் 10 ஆண்டு. எங்கள் கயிற்றில் முதல் முடிச்சு 1880. கடைசி முடிச்சு 2030. பழைய காலண்டர் அட்டையைத் துண்டு துண்டாக வெட்டுங்கள். ஒரு துண்டில் ஒரு நிகழ்ச்சியையும் அதன் ஆண்டையும் எழுதுங்கள். துணிக் கிளிப்பால் உரிய இடத்தில் மாட்டுங்கள்.

முதல் அட்டை எது என்று கேட்டதும் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: 15-8-1947. நாடு விடுதலை பெற்ற நாள்.

அன்று நம் ஊர்கள் யார் ஆட்சியில் இருந்தன? இது பலருக்குத் தெரியாது. மூணாறும் பீர்மேடும் திருவிதாங்கூர் மகாராஜாவின் நாடு. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்துச் சித்தூரோ கொச்சி மகாராஜாவின் நாடு. பாலக்காட்டிலிருந்து சித்தூர் சந்தைக்குப் போனால் வேறு அரசின் எல்லைக்குள் போனதாக அர்த்தம்!

1-7-1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. 26-1-1950-ல் இந்தியா குடியரசு ஆனது. 1-11-1956-ல் மொழிவாரி மாநிலங்கள் வந்தன. அன்றுதான் கேரளம் பிறந்தது. மலபாரும் அதில் சேர்ந்தது. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று நேசமணி முதலானோர் போராடினார்கள். 11-8-1954-ல் தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் போயின. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் அந்தப் பக்கம் போயின. தேவிகுளமும் பீர்மேடும் இந்தப் பக்கம் நின்றன. தமிழ் பேசும் நாம் கேரளத்தில் இருப்பதற்கு இந்த அட்டைதான் காரணம். வகுப்பில் இதைப் பற்றி வாக்குவாதம் நடந்தது. நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து ஒரு அக்கா எழுந்தார். "99 வெள்ளம்" என்று எழுதி 1999-க்குப் பக்கத்தில் மாட்டினார். தவறு அவர் மேல் இல்லை. பெரியவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அது கொல்லம் ஆண்டு 1099. ஆங்கில ஆண்டில் 1924, ஜூலை மாதம். அதற்கு முன் மூணாறில் ரயில் ஓடியது! டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டி கொண்டுபோன சிறு ரயில். அங்கிருந்து கம்பி வழியாகக் கீழே கொட்டகுடிக்குப் பெட்டிகள் இறங்கும். வெள்ளம் ரயில் பாதையை அடித்துப் போனது. மறுபடி அந்த ரயில் வரவே இல்லை.

கொல்லம் ஆண்டோடு 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஆவணி முதல் மார்கழி நடு வரை என்றால் 824-ஐக் கூட்ட வேண்டும்.

பிறகு அட்டைகள் மளமளவென்று ஏறின. 1895, பெரியாறு அணை திறப்பு. 1951, தோட்டத் தொழிலாளர் சட்டம். 26-1-1972, இடுக்கி மாவட்டம். 18-4-1991, கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற நாள். கோழிக்கோட்டில் அதை அறிவித்தவர் சேலக்கோடன் ஆயிஷா. அவரும் நம்மைப் போல வளர்ந்த பிறகு எழுத்துப் படித்தவர். செப்டம்பர் 2015, போனஸ் கேட்டு மூணாறு ரோட்டில் பெண்கள் உட்கார்ந்த போராட்டம். அதை எழுதும்போது இரண்டு அக்காமார்கள் "நாங்களும் உட்கார்ந்தோம்" என்றார்கள். தேதிகளைப் பாடப் புத்தகத்தில் மட்டும் தேட வேண்டியதில்லை.

6-8-2020, பெட்டிமுடி மண்சரிவு. இரவில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேரை இழந்தோம். அந்த அட்டையை மாட்டும்போது யாரும் பேசவில்லை.

கடைசியில் நேரு அட்டை. அவர் மறைந்தது 27-5-1964. பாட்டி அப்போது ஐந்து மாதக் கரு. விரல் விட்டு எண்ணினோம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். அப்படியானால் பாட்டி பிறந்தது 1964 செப்டம்பர் வாக்கில். அட்டையில் ஆறு வயதுக்கு மேல் குறைத்துப் போட்டிருக்கிறார்கள்!

கயிற்றைக் காட்டினால் பென்ஷன் கிடைக்காது. தாள் வேண்டும். ஆனால் எந்தத் தாளைத் தேடுவது என்று இப்போது தெரியும். பாட்டி இரண்டாம் வகுப்பு வரை பள்ளிக்குப் போனவர். ஐந்து வயதில் சேர்த்தார்களாம். ஆக 1969, 1970 ஆண்டுகளின் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். தலைமை ஆசிரியருக்கு மனுவைப் பாட்டியே எழுதினார். இரண்டு தாள் வீணாயின. மூன்றாவது தாளில் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை மகளோடு பள்ளிக்குப் போகிறார்.

பயிற்சி

1. உங்கள் வீட்டுப் பெரியவர் கொல்லம் ஆண்டு 1120 தை மாதம் பிறந்தார். ஆங்கில ஆண்டு எது?

2. உங்கள் அட்டையில் உள்ள பிறந்த தேதியைப் பார்த்து எழுதுங்கள். அது சரியா? வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள்.

3. உங்கள் குடும்பம் இந்த மலைக்கு எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு வந்தது? ஒரு அட்டையில் எழுதிக் கயிற்றில் மாட்டுங்கள்.