பழி விளையாட்டின் மீதா?

அவிநாசியில் பனியன் கம்பெனி வேலை முடிந்து பெற்றோர் இரவில் வீடு திரும்பும்வரை, பல பிள்ளைகளுக்குச் செல்போனே துணை. அதில் சுடும் விளையாட்டை ஆடும் பிள்ளை நாளை கையோங்குவானோ என்று தாய்மார்கள் நம்மிடம் கேட்கிறார்கள்.

2022 ஜூனில் லக்னோவில், பப்ஜி ஆடத் தடுத்த தாயை 16 வயது மகன் சுட்டுக் கொன்றதாகப் போலீஸார் கூறினர். நெஞ்சு நடுங்குகிறது. ஆயினும் தந்தையின் துப்பாக்கி பிள்ளையின் கைக்கு எட்டியது எப்படி என்றும் கேட்க வேண்டாமா?

வந்த செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது ஹுஜுராத் அத்தியாயம். விசாரிப்போம். இவ்விளையாட்டுகளுக்கும் கத்துதல், தள்ளுதல் போன்ற முரட்டுத்தனத்திற்கும் சிறிதளவு தொடர்புண்டு. கொடிய வன்செயலுக்கு அவற்றைக் காரணமாக்கப் போதிய சான்றில்லை என்று 2020-ல் அமெரிக்க உளவியல் சங்கம் அறிவித்தது. அவ்வாண்டு செப்டம்பர் 2-ல் நம் அரசு பப்ஜியைத் தடை செய்ததும் நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டியே.

அப்படியானால் ஆடட்டும் என விட்டுவிடலாமா? கூடாது. தொழுகை தவறுவதும், தாயிடம் சீறுவதும் சிறு நோயல்ல. கோபம் கொள்ளாதே என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு மனிதருக்குத் திரும்பத் திரும்ப உபதேசித்தார்கள். அதைப் பிள்ளை நம் முகம் பார்த்தே கற்கிறான். குடும்பத்தைப் பற்றி மறுமையில் விசாரிக்கப்படுபவர்கள் நாமே.

ஆகவே இஷாவுக்குப் பின் போனைப் பிடுங்காமல், அன்பாய்க் கேட்டு வாங்கி வையுங்கள். அரைமணி நேரம் பிள்ளையோடு பேசுங்கள். அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.