கிட்டப்பார்வையும் தீவின் தொலைவும்

வடக்கு, நடு அந்தமான் மாவட்டம் 2006ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. அதன் தலைநகர் மாயாபந்தர். யூனியன் பிரதேசத்தின் தலைநகரான ஸ்ரீவிஜயபுரம் (2024 வரை போர்ட் பிளேர்) அங்கிருந்து சாலை வழியே ஏறக்குறைய 240 கிலோமீட்டர். இடையிலுள்ள ஜாரவா காப்புப் பகுதியை, குறித்த நேரங்களில், காவலுடன் செல்லும் வண்டித் தொடரில் மட்டுமே கடக்கலாம். கண் நலத்தைப் பற்றிப் பேசும்போது சாலைக் கணக்கு எதற்கு என வாசகர் கேட்கலாம். இத்தகைய ஊரில் மூக்குக் கண்ணாடியின் விலையைக் காட்டிலும் அதனைப் பெறுவதற்கான பயணமே பெருஞ்செலவாகிவிடும்.

கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் கண்கோளம் முன்பின்னாக நீண்டுவிடுவதால் ஏற்படுவது. வளர்ந்தவரின் கண் சுமார் 24 மில்லிமீட்டர் நீளமுடையது. அது ஒரு மில்லிமீட்டர் கூடினாலே இரண்டரை டயாப்டர் அளவுக்குக் குறைபாடு உண்டாகும். தொலைவுப் பொருளின் உரு விழித்திரைக்கு முன்பாகவே விழுந்துவிடுகிறது. குழிவில்லை அதனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. மைனஸ் 2 உடையவருக்கு அரை மீட்டருக்கு அப்பாலும், மைனஸ் 4 உடையவருக்குக் கால் மீட்டருக்கு அப்பாலும் தெளிவில்லை. வகுப்பில் கரும்பலகை இருக்கும் தொலைவை இதனோடு ஒப்பிட்டால் நிலைமை விளங்கும்.

ஆயினும் குழந்தை முறையிடுவதில்லை. உலகம் எல்லோருக்கும் இப்படித்தான் மங்கலாக இருக்கும் என்று அது நம்புகிறது. பக்கத்துப் பிள்ளையின் ஏட்டைப் பார்த்து எழுதுகிறது. மந்தபுத்தி என்ற பெயரையும் பெற்றுக்கொள்கிறது. (இக்கட்டுரையாளருக்கும் அப்பெயர் ஓராண்டு இருந்தது, பின்னரே கண்ணாடி வந்தது.) 1976இல் தொடங்கப்பட்ட தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில், பயிற்சி பெற்ற ஆசிரியர் முதற்சோதனை செய்வதும், குறைபாடுள்ள ஏழை மாணவருக்கு இலவசக் கண்ணாடி வழங்குவதும் இடம்பெற்றன. தொலைதூர ஊர்களுக்கு இது மிகப் பொருத்தமான ஏற்பாடு. ஆனால் ஒருமுறை வழங்கியதோடு பணி முடிவதில்லை. வளரும் பருவத்தில் எண் மாறும், சட்டம் உடையும். ஆண்டுதோறும் சோதனை நடத்துவதும், உடைந்த கண்ணாடிக்கு மாற்று உள்ளூரிலேயே கிடைக்கச் செய்வதும் திட்டச் செலவில் சேர வேண்டியவை. கண்ணாடி அணிந்தால் எண் கூடும் என்ற அச்சமும், பெண் பிள்ளைக்குக் கண்ணாடி கூடாது என்ற தயக்கமும் ஆதாரமற்றவை. குறைந்த எண் கொடுத்து 'கண்ணைப் பழக்கும்' வழக்கமும் பயனற்றது.

இச்செலவை வீண் எனக் கருதுவோர் ஓர் ஆய்வை நோக்கலாம். அசாம் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளெழுத்துள்ள தொழிலாளருக்குக் கண்ணாடி கொடுத்தபோது, கொடுக்கப்படாதவரைக் காட்டிலும் அவர்களது கொழுந்து பறிப்பு சுமார் 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. முடிவுகள் 2018இல் வெளியாயின. அது வேறு குறைபாடு. எனினும் தெளிவான பார்வைக்கு உள்ள பொருளாதார மதிப்பை அது அளந்து காட்டுகிறது.

மைனஸ் 6க்கு மேற்பட்டோர் தனிக் கவனத்துக்குரியவர். நீண்ட கண்ணில் விழித்திரை மெலிகிறது. கிழிந்து பிரியவும் கூடும். திடீரென மின்னல் கீற்றுகள், புதிதாய்த் திரளும் கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து இறங்கும் திரை ஆகியவை அதன் அறிகுறிகள். வலி இராது, அதனாலேயே பலர் காத்திருந்து பார்வையை இழக்கின்றனர். நடுப்பார்வை கெடுமுன் அறுவை நடந்தாக வேண்டும். பெருநகரவாசிக்கு ஒரு மணி நேரப் பயணம். தீவுவாசிக்கோ சாலை, கப்பல், வானிலை அனைத்தும் இணங்க வேண்டும். எனவே 'நாளை பார்க்கலாம்' என்பது அவருக்குப் பொருந்தாது. அத்தகையோர் ஆண்டுக்கொருமுறை கண்மணியை விரித்து விழித்திரையைச் சோதித்துக்கொள்வது நலம்.

கிட்டப்பார்வை தொடங்குவதைத் தாமதப்படுத்தப் பகல் வெளிச்சம் உதவுகிறது. தைவான் அரசு 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் வெளியில் இருக்கத் தூண்டி வருகிறது. மாயாபந்தரில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, நேரந்தான் சிக்கல். இந்திய நேரப்படி டிசம்பரில் அங்கு மாலை ஐந்து மணிக்கு முன்பே ஞாயிறு மறைகிறது. ஜூனிலும் ஆறு மணியைத் தாண்டுவதில்லை. பள்ளி விட்டபின் விளையாட்டு என்ற பெருநிலத்து வழக்கம் இங்கு ஒத்துவராது. ஆனால் ஆண்டு முழுவதும் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது. ஆகவே விளையாட்டு வகுப்பைக் காலையிலும் இடைவேளையிலும் வைப்பதற்குத் தலைமையாசிரியரின் கால அட்டவணையில் ஒரு மாற்றமே போதுமானது. தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை.