பழைய மருந்துச் சீட்டைத் தூக்கிப் போடாதீங்க!

போன மாதக் கூட்டம் முடிந்ததும் ஒரு அக்கா தனியாக வந்து கேட்டார்: "ஹெபடைடிஸ் சி-ன்னு சொல்லி மாத்திரை தந்தாங்க. ஒரு மாசம் சாப்பிட்டேன், தெம்பா இருந்துச்சு, நிறுத்திட்டேன். இப்ப போனா அதே மாத்திரைதானே தருவாங்க?"

நல்ல கேள்வி. பெயர் போட வேண்டாம் என்றார். ஆனால் பதில் நம் எல்லோருக்கும் தேவை.

ஹெபடைடிஸ் சி கல்லீரலைக் கெடுக்கும் வைரஸ் கிருமி. ரத்தத்தின் மூலம் பரவும். சேர்ந்து சாப்பிடுவதால் பரவாது. தடுப்பூசி இல்லை, மாத்திரை உண்டு. பெரும்பாலும் 12 வாரம் விடாமல் சாப்பிட்டால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறது. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.

மருந்து ஏன் கேட்காமல் போகிறது?

பருத்திக்கு ஒரே மருந்தை அடித்துக்கொண்டே இருந்தால் தப்பித்த புழுக்கள் பெருகும். பிறகு அந்த மருந்து கேட்காது. இந்தக் கிருமியும் அப்படித்தான். பெருகும்போது உருவம் லேசாக மாறிக்கொண்டே இருக்கும். மாத்திரையைப் பாதியில் விட்டால், மருந்துக்கு அடங்காத கிருமி மிஞ்சிப் பெருகலாம். டாக்லடாஸ்விர், வெல்படாஸ்விர் மாத்திரைகளுக்கு அடங்காத கிருமி வருடக்கணக்கில் உடம்பில் தங்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

ரத்தம் எடுத்து, கிருமியின் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிப்பார்கள். மாறிய கிருமி நூற்றுக்கு 15 முதல் 20 பங்காவது இருந்தால்தான் சாதாரண முறையில் தெரியும். முதல் முறை சிகிச்சை எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு இது தேவைப்படாது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டும் குணமாகாதவர்களுக்குத்தான் முக்கியம். அதைப் பார்த்து டாக்டர் மருந்தை மாற்றலாம், கூட ஒன்று சேர்க்கலாம், நாளை நீட்டலாம்.

நாம் செய்ய வேண்டியது:

1. முன்பு என்ன மாத்திரை, எத்தனை நாள் சாப்பிட்டோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயப்படாதீங்க.
2. பழைய சீட்டு, காலி மாத்திரை அட்டை எல்லாம் பத்திரமாக வையுங்கள்.
3. தெம்பு வந்தாலும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீங்க.
4. மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அதில் கிருமி இல்லை என்று வந்தால்தான் குணம்.

அந்த அக்கா பரண் பெட்டியில் தேடிப் பழைய சீட்டை எடுத்துவிட்டார். வருகிற திங்கள்கிழமை நாங்கள் இருவரும் மருத்துவமனைக்குப் போகிறோம்.

கூட்டத்தில் பேசுங்கள்: பாதியில் நிறுத்திய மாத்திரை நம் வீட்டில் யாருக்காவது உண்டா? ஏன் நிறுத்தினோம்?